கட்டடம் எழும்பிடும்... நடத்துறது யாரு? மதுரையின் பண்பாட்டு மையங்கள் சொல்லும் அறக்கட்டளைப் பாடம்

மதுரை தமுக்கத்தில் உள்ள பழைய அரண்மனை வளாகத்துக்குப் போனால் இரண்டு அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம். ஒன்று, 1959-ல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம். இன்னொன்று, 1981-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம். பார்க்க வருகிற பலருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 'எல்லாம் கவர்மென்ட் தானே' என்று நினைத்துக்கொண்டு சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் வித்தியாசம் பெரியது. அரசு அருங்காட்சியகத்துக்குச் சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு எல்லாம் வருடாவருடம் அரசு பட்ஜெட்டில் வரும். காந்தி அருங்காட்சியகத்தின் கதை வேறு. காந்தி மறைந்த பிறகு நாடு முழுக்க மக்கள் கொடுத்த பணத்தில் உருவான காந்தி நினைவு நிதி என்ற அமைப்பு தொடங்கியது அது. துறை நடத்துவதும் அறக்கட்டளை நடத்துவதும் ஒன்றல்ல.

இந்த வித்தியாசத்தை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் மதுரையையும் சுற்றுவட்டாரத்தையும் நோக்கிப் பெரிய பெரிய பண்பாட்டுக் கட்டடங்கள் வந்துவிட்டன. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம். அதே ஆண்டு ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம். எல்லாமே அரசு கட்டியவை. இதோடு, 'மதுரைக்கு ஒரு சர்வதேசப் பண்பாட்டு மையம் வேணும், அதை ஒரு அறக்கட்டளை நடத்தணும்' என்ற பேச்சைக் கலை வட்டாரத்திலும் வெளிநாட்டுத் தமிழர்களிடமும் கேட்கலாம்.

சரி, அறக்கட்டளை என்றால் என்ன? அது ஒரு பண்பாட்டு மையத்தை நடத்துவது எப்படி? பணம் எங்கிருந்து வரும்? எங்கே சிக்கல் வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மதுரைக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் தான் புதிது. விஷயம் பழையது.

கோயிலில் 'கட்டளை' என்று ஒன்று உண்டு. ஒருவர் நிலத்தையோ பணத்தையோ எழுதிவைத்து, 'இதில் வரும் வருமானத்தில் இன்ன நாளில் இன்ன பூஜை நடக்கணும், இத்தனை பேருக்கு அன்னதானம் போடணும்' என்று சொல்லிவிடுவார். அவர் காலத்துக்குப் பிறகும் அது நடக்கும். இன்றைய அறநிலையத் துறைச் சட்டத்திலும் இந்தக் கட்டளைக்குத் தனி இடம் உண்டு. 'அறக்கட்டளை' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தக் கட்டளை இருக்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியை நினைத்துப் பாருங்கள். அழகர்கோவிலிலிருந்து வைகை வரைக்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு சமூகத்துக்கோ, ஒரு தொழில் சங்கத்துக்கோ உரியது. அந்த மண்டபத்தில் சாமி நிற்கும் நேரத்துக்கான செலவு அவர்கள் பொறுப்பு. ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் செலவு செய்வதில்லை. ஆனாலும் ஊர்வலம் நிற்பதில்லை.

ஒரு நல்ல அறக்கட்டளையின் அடிப்படை இது தான்: யார் பொறுப்பு, எதற்குச் செலவு, பணம் எதிலிருந்து வரும். இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'டிரஸ்ட்' என்போம். சட்டப்படி மூன்று வடிவங்கள் உண்டு.

முதலாவது, பொது அறக்கட்டளை. நிறுவுகிறவர் ஒரு அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார். நோக்கம் என்ன, அறங்காவலர்கள் யார், ஒருவர் போனால் அடுத்தவரை யார் நியமிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். மகாராஷ்டிராவில் இருப்பது போல எல்லாப் பொது அறக்கட்டளைகளையும் கண்காணிக்கும் தனிச் சட்டமோ, அதற்கென்று ஒரு அறநிலைய ஆணையரோ தமிழ்நாட்டில் இல்லை. அதனால் இங்கே அந்தப் பத்திரம் தான் அறக்கட்டளையின் அரசியல் சாசனம் மாதிரி.

இரண்டாவது, சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்வது. குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர்கள் இருப்பார்கள், பொதுக்குழு கூடும், தேர்தல் நடக்கும்.

மூன்றாவது, கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-வது பிரிவின் கீழ் வரும் லாப நோக்கில்லாத நிறுவனம். கணக்கு, தணிக்கை, அறிக்கை எல்லாம் கம்பெனி போலவே கறாராக இருக்கும். லாபம் வந்தால் பங்கு பிரிக்க முடியாது, நோக்கத்துக்கே செலவிட வேண்டும்.

'ஃபவுண்டேஷன்' என்று பெயர்ப்பலகையில் இருப்பதால் மட்டும் அது எந்த வடிவம் என்று தெரியாது. மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இது ஏன் முக்கியம்? நாளை ஒரு தகராறு வந்தால் யார் கை ஓங்கும் என்பதை இந்த வடிவம் தான் முடிவு செய்யும். அறக்கட்டளையில் அறங்காவலர்கள் கை, சங்கத்தில் உறுப்பினர்கள் கை, கம்பெனியில் இயக்குநர்கள் கை.

மாடல் 1: ஒரு புரவலர் தொடங்கி வைப்பது

1901 செப்டம்பர் 14. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஆதரவும் இருந்தது. அடுத்த ஆண்டே 'செந்தமிழ்' இதழ் வந்தது. ரா.இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். பாடசாலை, நூலகம், பதிப்பு, தேர்வு என்று ஒரு பண்பாட்டு மையத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன.

பாண்டித்துரைத் தேவர் 1911-ல் காலமானார். சங்கம் தொடங்கி பத்தே வருடம். புரவலரை நம்பித் தொடங்கிய எந்த நிறுவனத்துக்கும் வரும் சோதனை அது. ஆனால் மதுரைத் தமிழ்ச் சங்கம் இன்னும் இருக்கிறது. தமிழ்ச் சங்கம் சாலை என்று ரோட்டுக்கே பெயர் இருக்கிறது. செந்தமிழ்க் கல்லூரி நடக்கிறது. காரணம், அவர் தனிப்பட்ட கொடையாக மட்டும் அதை வைத்திருக்கவில்லை. சங்கம் என்ற அமைப்பாக, கல்லூரியாக, நூலகமாக அதை ஆக்கியிருந்தார். ஆள் போனாலும் பொறுப்பேற்க ஒரு குழு இருந்தது.

மாடல் 2: மக்கள் பணத்தில் ஒரு நிதி

காந்தி மதுரைக்கு 5 முறை வந்திருக்கிறார். 1921 செப்டம்பர் 22-ம் தேதி, மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோது தான் அரையாடைக்கு மாறினார். 1934-ல் வந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை அனுமதிக்காத மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போக மறுத்தார். 1939-ல் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதற்குப் பிறகு, 1946-ல் தான் காந்தி அந்தக் கோயிலுக்குள் போனார். இந்த ஊரில் அவருக்கு ஒரு நினைவு இல்லம் அமைந்ததற்கு இவ்வளவு காரணம் உண்டு.

ராணி மங்கம்மாளோடு சேர்த்துப் பேசப்படும் நாயக்கர் காலத் தமுக்கம் அரண்மனை பின்னாளில் ஆங்கிலேய அதிகாரிகள் கையில் இருந்தது. 1955-ல் மாநில அரசு அதை காந்தி நினைவு நிதியிடம் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15-ல் பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி இங்கே தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மதுரை வருகிறவர்களில் பலர் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அடுத்து இதைப் பார்க்க வருவதற்கு அந்தத் துணியும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். இடம் அரசு கொடுத்தது. பணம் மக்கள் கொடுத்தது. நடத்துவது தன்னாட்சி அமைப்பு. இன்றைக்கு 'பப்ளிக் பிரைவேட் பார்ட்னர்ஷிப்' என்று சொல்வதை மதுரை 1950-களிலேயே செய்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. காந்தி அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கொள்கை அளவில் அது சரி. டிக்கெட் வாங்கித் தான் காந்தியைப் பார்க்கணும் என்றால் நன்றாகவா இருக்கும்? ஆனால் கூட்டம் கூடக்கூட செலவு கூடும், வருமானம் கூடாது. 300 வருடத்துக்கும் மேலான கட்டடத்தைப் பராமரிப்பது சின்ன வேலை இல்லை. அண்மை ஆண்டுகளில் இங்கே நடந்த பெரிய புதுப்பிப்புப் பணிக்கு மாநில அரசின் நிதி தான் கைகொடுத்தது. சுயமாக நிற்கிற அமைப்பும் பெரிய செலவு வரும்போது அரசிடம் போக வேண்டியிருக்கிறது.

மாடல் 3: அரசே நடத்துவது

'அப்போ அரசே எல்லாத்தையும் நடத்திடலாமே?' என்று கேட்கலாம். அதற்கும் மதுரையிலேயே உதாரணம் இருக்கிறது.

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. உலகத் தமிழ்ச் சங்கம் அமையும் என்று முதல்வர் எம்.ஜி.ஆர். அறிவித்தார். உலகத் தமிழர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு மையம் என்பது கனவு. அதற்கான பெரிய கட்டடம் திறக்கப்பட்டது 2016 மார்ச்சில். நடுவில் 35 வருடம். ஆட்சிகள் மாறின, முன்னுரிமைகள் மாறின. அரசிடம் பணம் இருக்கும், நிலம் இருக்கும். ஆனால் ஒரு திட்டத்துக்கு ஆயுள் முழுக்கச் சொந்தக்காரர் இருக்க மாட்டார். அது தான் அரசு மாடலின் பலவீனம்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே பாடம் தான். இந்திய அரசின் கொடையில் அங்கே பல மாடிகளில் ஒரு பண்பாட்டு மையம் எழும்பியது. 2023 பிப்ரவரியில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. கட்டடம் தயாரான பிறகும் அதை யார் நடத்துவது, பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு நீண்டது. ஒரு மாநகர சபையின் வருமானத்தில் அவ்வளவு பெரிய அரங்கத்துக்கு ஏசி போட்டு, லிஃப்ட் ஓட்டி, நிகழ்ச்சியும் நடத்துவது எளிதல்ல.

கட்டுவது ஒருமுறைச் செலவு. நடத்துவது தினச் செலவு. ரிப்பன் வெட்டும் நாளில் இரண்டாவது செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறக்கட்டளை நடத்தி நிற்கிற மையம் எது?

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முத்துக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ரா. நடத்துவது மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன். அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வாழும் டெபோரா தியாகராஜன் முன்னெடுத்தது. 1984-ல் அறக்கட்டளை பதிவாகி, 1996 டிசம்பரில் தான் மையம் திறந்தது. ஃபவுண்டேஷனுக்குப் பிறகு மையம், நடுவில் 12 வருடம். கட்டட வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது.

இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை வாங்கி, கதவு, தூண், உத்தரம் என்று பிரித்து எடுத்துவந்து, முத்துக்காட்டில் திரும்பக் கட்டினார்கள். செட்டிநாட்டு வீடு, கேரள வீடு, கர்நாடக வீடு, ஆந்திர வீடு எல்லாம் ஒரே வளாகத்தில். காரைக்குடிப் பக்கம் போனால் இன்றும் பழைய வீட்டு மரச்சாமான்கள் கடை கடையாக விற்பனைக்கு இருப்பதைப் பார்க்கலாம். மதுரைக்கு மிக அருகில் இருக்கும் அந்தச் சொத்தை ஒரு அறக்கட்டளை மகாபலிபுரம் ரோட்டில் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வருமானத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் வழிகள் பல. டிக்கெட், கைவினைக் கடை, பயிற்சி வகுப்பு, விருந்தினர் அறை, நிகழ்ச்சிக்கு இடம் வாடகை. ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும். ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது இந்த எல்லா வழியும் ஒரே நாளில் அடைபட்டதை உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் பார்த்தன. டிக்கெட்டை மட்டும் நம்பிய மையங்களும் நிகழ்ச்சியை மட்டும் நம்பிய மையங்களும் தான் அதிகம் அடிபட்டன.

நிறுவியவர் போன பிறகு என்ன ஆகும்?

அறக்கட்டளைகளுக்கு மிகப் பெரிய சோதனை இது தான்.

சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா உலகம் அறிந்த நிறுவனம். அவர் 1986-ல் மறைந்தார். 1993-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, கலாக்ஷேத்ரா ஃபவுண்டேஷனை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கி மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தது. பெயரில் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஆனால் இப்போது அது ஒரு சட்டம் உருவாக்கிய அமைப்பு.

இன்னும் பெரிய உதாரணம் புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் தொடக்க விழா. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரே கலசத்தில் போட்டார்கள். இதைவிட 'சர்வதேசம்' இருக்க முடியாது. தொடக்கத்தில் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி நிர்வகித்தது. 1973-ல் அன்னை மறைந்த பிறகு அங்கே வாழ்ந்தவர்களுக்கும் சொசைட்டிக்கும் மோதல். 1980-ல் மத்திய அரசு அவசரச் சட்டப்பூர்வ ஏற்பாட்டில் நிர்வாகத்தை எடுத்தது. அதை உச்ச நீதிமன்றம் 1982-ல் ஏற்றுக்கொண்டது. 1988-ல் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் மூன்று அமைப்புகள் உண்டு. ஆட்சிக் குழு, குடியிருப்போர் பேரவை, சர்வதேச ஆலோசனைக் குழு. பெயர்களைக் கவனித்தாலே விஷயம் புரியும். ஆட்சிக் குழுவை நியமிப்பது மத்திய அரசு. சர்வதேசக் குழுவின் வேலை 'ஆலோசனை'. 2021 டிசம்பரில் கிரவுன் ரோடு அமைக்க மரங்கள் வெட்டப்பட்டபோது ஆரம்பித்த சண்டை பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போனது. அடியில் இருந்த கேள்வி ஒன்று தான்: இந்த ஊரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

இரண்டு கதையிலும் ஒரே பாடம். நிறுவியவர் இருக்கும்வரை அவர் சொல் தான் சட்டம். அவர் போன மறுநாள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது தான் சட்டம். பத்திரம் தெளிவாக இல்லாவிட்டால் நீதிமன்றமும் அரசும் உள்ளே வரும்.

மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து?

முதல் வழி, மூலநிதி. ஆங்கிலத்தில் 'கார்பஸ்' என்பார்கள். கோயில் கட்டளையின் நவீன வடிவம். முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கோடி ரூபாய் மூலநிதி, 7 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 70 லட்சம். மாதத்துக்கு 6 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு நடுத்தர அரங்கம், சின்ன நூலகம், பத்துப் பதினைந்து ஊழியர்கள், காவலாளி, கரண்ட் பில்லுக்கே அது சரியாகிவிடும். நிகழ்ச்சிக்குத் தனியாகத் தேட வேண்டும். வட்டி முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற ஏற அந்த 70 லட்சத்தின் மதிப்பும் குறையும்.

இரண்டாவது, நன்கொடை. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை, அந்த ஆண்டு வருமானத்தில் பொதுவாக 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். பணத்தைச் சேர்த்துக் குவித்துவைக்க முடியாது என்பது இதன் பொருள். மூலநிதிக்கென்று தரும் கொடைக்குத் தனி விதி உண்டு.

மூன்றாவது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறை. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் பாரம்பரியம், கலை, பண்பாடு, பொது நூலகம், கைவினை எல்லாம் இருக்கின்றன. ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் விரும்புவது பள்ளியும் மருத்துவமனையும் தான். 'இத்தனை பேருக்குக் கண் ஆபரேஷன்' என்று அறிக்கையில் எழுதலாம். 'இத்தனை பேர் பறையிசை கேட்டார்கள்' என்பதை எப்படி அளப்பது?

நான்காவது, சொந்த வருமானம். இதற்கு மதுரைக்காரர்கள் வெளியூரில் பாடம் தேட வேண்டியதில்லை. டாக்டர் ஜி.வெங்கடசாமி, ஓய்வுக்குப் பிறகு 1976-ல் கோவல் அறக்கட்டளை மூலம் 11 படுக்கைகளோடு தொடங்கியது தான் அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுகிறார்கள். முடியாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. அந்த இரண்டையும் ஒரே அமைப்பு தாங்குகிறது. பண்பாட்டு மையத்தில் இது அப்படியே நடக்காது. கண் ஆபரேஷன் அவசியம், நாட்டியக் கச்சேரி விருப்பம். ஆனாலும் யோசனை பொருந்தும். சுற்றுலாப் பயணிக்கு ஒரு கட்டணம், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். கல்யாணத்துக்கு அரங்க வாடகை முழுசாக, கூத்துக் கலைஞர்களுக்கு ஒத்திகை இடம் சும்மா.

'சர்வதேசம்' என்று போட்டால் என்ன கூடுதல்?

வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். 2010-ல் வந்த சட்டம், 2020-ல் இன்னும் இறுக்கப்பட்டது. பதிவு கேட்கும் அமைப்பு பொதுவாக 3 வருடம் இயங்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு 5 வருடத்துக்குத் தான், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

2020 திருத்தத்தில் மூன்று முக்கிய மாற்றங்கள். வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேர வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு. நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது.

கடைசி விதி பண்பாட்டு மையங்களை நேரடியாகத் தொடுகிறது. மதுரையில் ஒரு மையம் வெளிநாட்டுப் பணம் வாங்கி, உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உள்ள ஒரு சின்ன கலைக்குழுவின் சங்கத்துக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. தானே நிகழ்ச்சி நடத்திக் கலைஞருக்குச் சம்பளம் கொடுக்கலாம். பெரிய மையம் நடுவில் நின்று கிராமத்துக் குழுக்களை வளர்க்கும் வழி இதனால் சுருங்கிவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து தரும் பணம் 'வெளிநாட்டு நன்கொடை' ஆகாது. அவரே சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை தான். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கினால் சிக்கல். ஆனால் அதே சித்தப்பா டிக்கெட் வாங்கி உள்ளே வந்தாலோ, கடையில் ஒரு சுங்குடிப் புடவை வாங்கினாலோ அது நன்கொடை இல்லை. பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த விலை.

சொந்த வருமானம் உள்ள மையம் ஏன் நிம்மதியாக இருக்கும் என்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

நீங்கள் 5,000 ரூபாய் கொடுத்தால்?

வருமான வரிச் சட்டம் 1961-ன் 80ஜி பிரிவில் அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பொதுவாக அதில் பாதித் தொகையை உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கலாம். மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்ச வரம்பும் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. யுபிஐ, வங்கி வழி கொடுங்கள். அறக்கட்டளை உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும்.

முக்கியமான விஷயம்: இந்தக் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத் தான். ஐடி வேலையில் இருக்கும் பலர் இப்போது புதிய வரிமுறைக்கு மாறிவிட்டார்கள். அவர்களுக்கு இதனால் வரிச் சலுகை இல்லை. புதிய வருமான வரிச் சட்டம் 2025 வந்தபின் பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கொடுப்பதற்கு முன்னால் கேட்க 5 கேள்விகள்

1. இது அறக்கட்டளையா, சங்கமா, 8-வது பிரிவு கம்பெனியா? பதிவு எண் என்ன?

2. அறங்காவலர்கள் எத்தனை பேர்? எல்லோரும் ஒரே குடும்பமா? ஒருவர் விலகினால் அடுத்தவரை யார் நியமிப்பார்கள்?

3. கடந்த ஆண்டு தணிக்கைக் கணக்கு எங்கே? எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் வெளிநாட்டு வரவின் விவரத்தை வெளியிட்டிருக்கிறார்களா?

4. மூலநிதி இருக்கிறதா? இல்லை என்றால், அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு என்ன வழி?

5. மையத்தை மூட நேர்ந்தால் கட்டடமும் சேகரிப்பும் யாருக்குப் போகும்? நல்ல பத்திரத்தில் 'இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்கு' என்று இருக்கும்.

ஐந்தாவது கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். தொடங்கும் நாளிலேயே மூடுவதைப் பற்றிப் பேசலாமா என்று தோன்றும். ஆனால் ஓலைச்சுவடியோ, பழைய இசைப்பதிவோ, ஒரு கலைஞர் நம்பிக் கொடுத்த கூத்து முகமூடியோ உள்ளே வந்துவிட்டால் அது இனி அந்த ஆறேழு பேரின் சொத்து அல்ல. அவர்கள் காவலர்கள் மட்டுமே. 'அறங்காவலர்' என்ற சொல்லுக்கு அர்த்தமே அது தான்.

மதுரைக்கு எது சரிவரும்?

மூன்று மாடலிலும் ஒவ்வொன்று நன்றாக இருக்கிறது. இடமும் பெரிய பராமரிப்பும் அரசால் முடியும். நிகழ்ச்சி, கலைஞர், வெளிநாட்டுத் தொடர்பு, வேகம் எல்லாம் ஒரு தன்னாட்சி அமைப்பால் முடியும். மாதச் செலவு ஊர் மக்களின் சின்னச் சின்னக் கொடையாலும் டிக்கெட்டாலும் முடியும். தமுக்கத்தில் 1955-ல் போட்ட ஒப்பந்தம் ஏறக்குறைய இது தான். அதில் விட்டுப்போனது மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் வருமானம்.

அதைச் சேர்த்து எழுதினால் போதும். 'நூலகத்துக்கு ஜனவரி மாதச் செலவு எங்கள் வணிகர் சங்கம், பிப்ரவரி எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்கள்' என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெயர் இருக்கும் மையத்தை எந்த ஆட்சி மாற்றமும் அசைக்காது. மண்டகப்படி நடத்தத் தெரிந்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்திரத்தைத் தெளிவாக எழுதுவது தான் மீதி வேலை.